அரியலூருக்குக் குடிபோன கதை

என் சித்திக்கு வயது எழுபத்தெட்டு. மேற்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டில் நாற்பத்தைந்து வருஷங்களாகக் குடியிருக்கிறாள். வாசலில் ஒரு வேப்பமரம், பின்கட்டில் ஒரு கிணறு. கிணற்றில் தண்ணீர் வற்றி வெகு காலமாயிற்று. வேப்பமரம் இருக்கிறது. இத்தனை காலத்தில் அவள் வெளியூர் சென்று ஒரு வாரத்துக்கு மேல் தங்கியது மூன்று முறையோ நான்கு முறையோதான். அப்படிப்பட்டவளுக்குப் போன வருஷம் ஒரு கடிதம் வந்தது. அவளுடைய கோப்பு அரியலூர் மாவட்டப் பிரிவுக்கு மாற்றப்பட்டு விட்டதாகவும், மேற்கொண்டு ஆக வேண்டியதற்கு அங்கே நேரில் வர வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது.

சித்தப்பா உத்தியோகம் பார்த்த வகையில் ஒரு நிதியிலிருந்து சித்திக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை வருகிறது. எந்த நிதி, எந்த அலுவலகம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பெரிய தொகை அல்ல. ஆனால் பால்காரருக்கும் மருந்துக் கடைக்கும் அதுதான் ஆதாரம். அது மூன்று மாதமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரித்துக் கொண்டிருந்த சமயத்தில்தான் இந்தக் கடிதம்.

"ஏண்டா, நான் எப்போடா அரியலூருக்குக் குடிபோனேன்?" என்று சித்தி என்னைக் கேட்டாள்.

எனக்கு என்ன தெரியும்? தாம்பரத்திலிருந்து அரியலூர் ரயிலில் சுமார் 240 கிலோமீட்டர். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டால் 1956-ஆம் வருஷத்து நவம்பர் ரயில் விபத்துதான் ஞாபகம் வரும். அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டு விலகினார் அல்லவா? மற்றபடி அந்த ஊரில் எங்களுக்கு உறவும் இல்லை, ஒட்டும் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தின் மேலே விலாசத்திலும் "அரியலூர் மாவட்டம்" என்றுதான் அச்சாகியிருந்தது. இருந்தும் கடிதம் வழி தவறாமல் சித்தியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. காரணம், கடைசி வரியில் இருந்த 600045 என்ற ஆறு எண்கள். தபால் இலாகா அந்த எண்ணை நம்பியது. அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஜில்லாவை நம்பியது. இரண்டும் ஒரே உறையின் மேல் ஒன்றையொன்று மறுத்துக் கொண்டு இருந்தன. யாரும் கவனிக்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் சித்தி தன் டெலிபோன் எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருக்கும் பையனிடம் போனாள். அவன் அலுவலகத்தின் பக்கத்தைத் திறந்தான். பழைய எண்ணை அழித்துப் புது எண்ணைத் தட்டினான். 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினான். முப்பது ரூபாய் வாங்கிக் கொண்டான். ஜில்லா பக்கம் அவன் போகவே இல்லை என்று சத்தியம் செய்கிறான். அவன் சொல்வது உண்மையென்றே நினைக்கிறேன். அவன் தொடாததுதான் தவறாகப் போயிற்று.

இதை எனக்கு விளக்கியவன் என் தம்பி மகன். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்கு எதிரே ஏற்றுமதி வளாகம் இருக்கிறதே, அங்கே ஒரு கம்பெனியில் இந்த மாதிரிப் பக்கங்களை எழுதும் வேலைதான் அவனுக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சிரித்தான்.

"பெரியப்பா, தமிழ்நாட்டிலே மொத்தம் முப்பத்தெட்டு மாவட்டம். அகர வரிசையிலே முதல் மாவட்டம் எது, சொல்லுங்க."

யோசித்தேன். தமிழில் அடுக்கினாலும் அரியலூர். ஆங்கிலத்தில் அடுக்கினாலும் அரியலூர்.

வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு கட்டம். விரல் பட்டதும் கீழே நீளமாகத் தொங்கும். டிராப்டவுன் என்கிறார்கள். பழைய காலத்து ஹோட்டலில் மேஜைக்கு முன்னால் வந்து நின்று "இட்லி, பொங்கல், வடை, ரவா" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாரே சர்வர், ஏறக்குறைய அந்தக் காரியத்தைத்தான் இதுவும் செய்கிறது. இல்லாததை நாம் கேட்க முடியாது. இருப்பதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளாளுக்குத் தங்கள் இஷ்டப்படி எழுத விட்டால் என்ன ஆகும்? தாம்பரத்தையே ஆங்கிலத்தில் 'டி'க்குப் பின் 'எச்' போட்டு எழுதுவோர் ஒரு கட்சி, போடாதோர் ஒரு கட்சி. பெருங்களத்தூருக்கு ரயில்வேக்காரர்கள் எழுதும் எழுத்து வேறு, ஊர்க்காரர்கள் எழுதுவது வேறு. கம்ப்யூட்டருக்கு இவையெல்லாம் தனித்தனி ஊர்கள். ஆகையால்தான் பட்டியல்.

அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் இரட்டைப் பிறவி. நம் கண்ணுக்குத் தெரிவது பெயர். அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறது. 'செங்கல்பட்டு' என்று நாம் தொட்டால் அலுவலகத்துக்குப் போய்ச் சேருவது அந்தப் பெயர் அல்ல, அந்த எண். அங்கே மாவட்டங்களுக்கென்று தனி ஏடு உண்டு. அதில் எண்ணும் பெயரும் எழுதியிருக்கும். சித்தியின் ஏட்டில் எண் மட்டும் குறிக்கப்படும். கோயில் வாசலில் செருப்பை வைத்துவிட்டு வில்லை வாங்கிக் கொண்டு போகிறோமே, அப்படி. வில்லையில் நம் செருப்பின் வர்ணனை இல்லை. அது எந்த அறையில் இருக்கிறது என்பது மட்டும் இருக்கிறது.

மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது, பக்கத்தை எழுதியவன் ஒரு வேலை செய்ய வேண்டும். சித்தியின் ஏட்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து, பட்டியலில் அதே எண்ணுள்ள வரியைத் தேடி, 'இதுதான் ஏற்கெனவே தேர்ந்தது' என்று அடையாளம் வைக்க வேண்டும். வைக்க மறந்தால் பட்டியல் தன் முதல் வரியைக் காட்டிக் கொண்டு நிற்கும். பிறகு யார் எதற்காகச் 'சேமி' என்று அழுத்தினாலும் அந்த முதல் வரி அலுவலகத்துக்குப் போய்விடும்.

"இது யார் பண்ணின சட்டம்?" என்று கேட்டேன்.

"ரொம்பப் பழைய சட்டம், பெரியப்பா" என்றான். உண்மைதான். வலைப்பக்கங்களின் இலக்கணத்தை டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதி 1995 நவம்பரில் இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார்கள். அதிலேயே இருக்கிறது: எந்த வரிக்கும் அடையாளம் இல்லாவிட்டால் முதல் வரி தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் அரியலூர் ஒரு மாவட்டமாகக்கூட ஆகவில்லை. உலகத்துத் தேசங்களின் பட்டியல் என்றால் இதே விதியால் எத்தனை பேர் அறியாமல் ஆப்கானிஸ்தான் பிரஜைகளாக ஆனார்களோ!

மனிதர்களின் விருப்பத்தையும் விவரத்தையும் யந்திரத்துக்குப் புரியும்படி குறித்து வைப்பது ஒரு ரயில் வண்டியில் முளைத்த யோசனை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித் என்ற எஞ்சினீயர் ஒரு முறை ரயிலில் போகும்போது, டிக்கெட்டில் கண்டக்டர் துளை போடுவதைக் கவனித்தார். பிரயாணியின் தலைமயிர் என்ன நிறம், கண் என்ன நிறம் என்றெல்லாம் டிக்கெட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும். பொருத்தமான இடத்தில் கண்டக்டர் ஒரு துளை போடுவார். ஒருவருடைய டிக்கெட்டை இன்னொருவர் திருடிக் கொண்டு ஏறக் கூடாது என்பதற்காக. இதையே ஹாலரித் அட்டைகளில் செய்தார். 1890-ஆம் வருஷத்து அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு அந்தத் துளை அட்டைகளால்தான் எண்ணி முடிக்கப்பட்டது. ஆணா, பெண்ணா, பிறந்த தேசம் எது என்பதெல்லாம் அட்டையில் இன்ன இடத்தில் ஒரு துளை. பெயர் போய் இடம் வந்து விட்டது.

ஆனால் துளை அட்டையில் ஒரு சங்கடம். ஒவ்வொரு அட்டையும் தனி உலகம். ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டைச் சுட்டிக் காட்டும் முறையைத் தெளிவாக வகுத்தவர் எட்கர் காட் என்பவர். இங்கிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தவர், இரண்டாவது உலக யுத்தத்தில் ஆகாய விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் சான் ஓசே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துகொண்டு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். விவரங்களையெல்லாம் எளிய அட்டவணைகளாக வைத்துக் கொள்ளுங்கள். ஓர் அட்டவணை மற்றொன்றைக் குறிப்பிட வேண்டுமானால் அதன் சாவியை மட்டும் எழுதி வையுங்கள் என்பது அதன் சாரம். இப்படி வேற்று ஏட்டில் எழுதி வைத்த சாவிக்கு 'அயல் சாவி' என்று பொருள்படும் பெயரையும் அந்தக் கட்டுரையிலேயே கொடுத்தார். இன்றைக்கு பாங்கிக் கணக்கு, ரேஷன் கார்டு, சித்தியின் கோப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கின்றன.

காட் பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்னாலேயே நம் செங்கல்பட்டுச் சீமையில் இந்த வித்தை ஒரு மாதிரியாக நடந்து கொண்டுதான் இருந்தது என்று சொன்னால், ஊர்ப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்கக் கூடாது.

ஆற்காட்டு நவாப் 1763-இல் செங்கல்பட்டுப் பிரதேசத்தை ஜாகீராகக் கம்பெனியாருக்குக் கொடுத்தார். கொடுத்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கம்பெனியாருக்குத் தெரியாது. தாமஸ் பர்னார்டு என்ற எஞ்சினீயரை அனுப்பினார்கள். அவர் 1767 முதல் 1774 வரை, சுமார் இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். ஊருக்கு எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு நஞ்சை, எவ்வளவு புஞ்சை, விளைச்சலில் கோயிலுக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு, கணக்கப்பிள்ளைக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய கணக்குகளே அதற்கு அடிப்படை. அந்த ஓலைகளில் ஒரு பகுதி பிற்காலத்தில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் அவற்றைப் படித்தார்கள். அங்கே ஊருக்குச் சாவி ஊரின் பெயர்தான். பெயரை வெள்ளைக்காரர் காதில் வாங்கி எழுதியபோது செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆயிற்று. காஞ்சிபுரம் 'காஞ்சீவரம்' ஆயிற்று. ஒரே ஊர் நாலு கணக்கில் நாலு விதமாக எழுதப்பட்டால், எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்கத் தனியாக ஒரு பர்னார்டு வேண்டும்.

நிலத்துக்குப் பின்னால் வந்த சர்வே எண் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பாக யாரும் கொண்டாடுவதில்லை. எனக்கென்னவோ கொண்டாட வேண்டும் என்றே தோன்றுகிறது. வயலுக்கு ஒரு எண். அதன் சொந்தக்காரர் செத்துப் போகலாம், விற்கலாம், கடனில் இழக்கலாம். எண் மாறாது. பிள்ளைகள் பாகம் பிரித்தால் 45 என்ற எண்ணைத் தூக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட மாட்டார்கள். 45/1, 45/2 என்று கிளை பிரியும். அதுவும் பிரிந்தால் 45/1ஏ. தாம்பரத்தைச் சுற்றி ஏரிக்கரையும் வயலும் மனைகளாக மாறி, மனைகளில் அடுக்குமாடி எழும்பி, நாற்பது குடும்பம் வந்து விட்ட பிறகும், பத்திரத்தின் அடியில் அந்த வயலின் எண் இன்னும் இருக்கிறது.

இந்த அளவை வேலைக்கு ஆள் தயாரிப்பதற்காகச் சென்னைக் கோட்டையில் 1794-இல் எட்டுப் பையன்களை வைத்து ஒரு சர்வே பள்ளிக்கூடம் ஆரம்பித்தார்கள். அதுதான் வளர்ந்து, 1920-இல் கிண்டிக்குக் குடிபோய், கிண்டி எஞ்சினீயரிங் காலேஜ் ஆயிற்று. என் தம்பி மகன் அங்கே படித்தவன். "உங்கள் காலேஜ் ஆரம்பித்ததே சாவி செய்யத்தான்" என்று சொன்னேன். அவனுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. காலேஜில் சொல்லித் தர நேரம் இருந்திராது.

எண் எவ்வளவு உசத்தி என்பதை ரயில்வேக்காரர்களிடம் பார்க்க வேண்டும். தந்தி அடித்த காலத்திலிருந்தே அவர்களுக்கு ஸ்டேஷன் பெயரைச் சுருக்கமான எழுத்துகளில் சொல்லும் வழக்கம். தாம்பரம் டி.பி.எம்.; சானடோரியம் டி.பி.எம்.எஸ்.; பல்லாவரம் பி.வி.; எழும்பூர் வெறும் எம்.எஸ்.; கடற்கரை எம்.எஸ்.பி. டில்லியில் 1985-இல் கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் ஆரம்பித்தபோதும், 2002 ஆகஸ்டில் இன்டர்நெட்டில் டிக்கெட் விற்க ஆரம்பித்தபோதும் இந்த எழுத்துகளே கை கொடுத்தன. இதில் சென்ட்ரல் ஸ்டேஷனின் கதை விசேஷமானது. அதன் குறி எம்.ஏ.எஸ். ஊர் பெயர் மெட்ராஸ் என்று இருந்தபோதும் அதே குறி. 1996-இல் ஊர் சென்னையான பிறகும் அதே குறி. 2019-இல் அந்த ஸ்டேஷனுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயரை வைத்தார்கள், பலகை நீண்டது, குறி எம்.ஏ.எஸ். தான். கோடிக்கணக்கான டிக்கெட்டுகளில் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டி வரவில்லை. பெயர் ஏட்டில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும்.

வடக்கே அப்படி நடக்கவில்லை. முகல்சராய் ஜங்ஷனுக்கு 2018-இல் தீன் தயாள் உபாத்யாயா பெயரை வைத்தபோது, எம்.ஜி.எஸ். என்ற குறியும் டி.டி.யு. என்று மாறியது. குறிக்குள் பழைய பெயரின் எழுத்துகள் தெரிந்ததே காரணம் என்பது என் அபிப்பிராயம். சாவியில் அர்த்தம் இருந்தால் ஒரு நாள் அந்த அர்த்தத்தின் மேல் யாராவது சண்டைக்கு வருவார்கள். 45/1ஏ என்பதன் மேல் யார் சண்டைக்கு வரப் போகிறார்கள்? (பங்காளிகள் வருவார்கள். அது வேறு விஷயம்.)

சித்தியின் உறையைக் காப்பாற்றிய பின்கோடு நமக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ஆம் தேதி. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். அவர் தபால் இலாகா உத்தியோகஸ்தர் மட்டுமல்ல, சம்ஸ்கிருதக் கவியும்கூட. ஒரே பெயரில் ஏழெட்டு ஊர், ஒரே ஊருக்கு ஏழெட்டு எழுத்து என்ற குழப்பத்துக்கு ஒரு கவி எண்ணால் முடிவு கட்டினார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் அந்த எண்ணிலும் கொஞ்சம் அர்த்தம் ஒளிந்திருக்கிறது. 600 என்று தொடங்கினால் சென்னை வட்டாரம். ஆகவே தாம்பரத்துக்காரன் தபாலுக்குச் சென்னைவாசி; கலெக்டருக்குச் செங்கல்பட்டுவாசி. விலாசம் கேட்கும் பக்கங்களில் 600045 என்று தட்டியவுடன் சில இடங்களில் ஜில்லா 'சென்னை' என்று தானே விழுந்து விடும். நாம் மாற்றினால், "எண்ணும் ஜில்லாவும் பொருந்தவில்லை" என்று சிவப்பு எழுத்தில் கோபித்துக் கொள்ளும்.

ஜில்லாவின் கதையைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். சித்தி அந்த வீட்டுக்கு வந்தபோது அது செங்கல்பட்டு ஜில்லா. பிறகு செங்கல்பட்டு-எம்.ஜி.ஆர். மாவட்டம் ஆயிற்று. 1997 ஜூலை 1-ஆம் தேதி அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாயிற்று. சித்தி காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போனாள். 2019 நவம்பர் 29-ஆம் தேதி காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டைப் பிரித்தார்கள். திரும்பவும் செங்கல்பட்டுக்கு வந்தாள். இடையில் வேப்பமரத்துக்கு ஒரு அடி நகர வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அவளுடைய பத்திரத்தில் ஒரு ஜில்லா, ரேஷன் கார்டில் ஒரு ஜில்லா, பேத்தியின் பிறப்புச் சான்றிதழில் ஒரு ஜில்லா. நகராட்சியும் போய் 2021-இல் மாநகராட்சி வந்தது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் தாம்பரத்தோடு சேர்ந்து 70 வார்டுகளாயின. குரோம் தோல் பதனிட்ட கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டைகூட இப்போது தாம்பரம் மாநகராட்சி.

எண்ணை மட்டும் சேமித்தால் போதும், பெயர் மாறினாலும் கவலையில்லை என்று சற்று முன்னால் பெருமையாகச் சொன்னேன். அது பெயர் மாறும்போது சரி. ஜில்லா உடையும்போது சரியல்ல. 2019-க்கு முன்னால் சித்தியின் ஏட்டில் காஞ்சிபுரத்தின் எண் இருந்தது. பிரிந்த பிறகும் காஞ்சிபுரம் மாவட்டம் ஐந்து தாலுகாக்களோடு இருக்கத்தானே செய்கிறது? எண் பொய்யாகவில்லை, ஆனால் சித்திக்கு அது பொருந்தவில்லை. இப்போது யார் காஞ்சிபுரத்தில் தங்கினார்கள், யார் செங்கல்பட்டுக்குப் போனார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தாலுகாவையும் சேர்த்துச் சேமித்திருந்த அலுவலகங்கள் பிழைத்தன. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் முதலான எட்டுத் தாலுகாக்களில் ஒன்றாயிருந்தால் செங்கல்பட்டு. ஒரே இரவில் மாற்றி விடலாம். ஜில்லாவோடு திருப்திப்பட்டவர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "நீங்களே மறுபடி தேர்ந்தெடுங்கள்" என்றார்கள். அப்படிக் கூப்பிட்டபோது சித்தியும் போய் ஒழுங்காகச் செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு வந்தவள்தான்.

பழைய பத்திரத்துக்கோ இதற்கு நேர்மாறான நியாயம். 1985-இல் பிறந்த ஒருவனுடைய சான்றிதழில், ஏட்டில் பெயர் மாறிவிட்டது என்பதற்காக, அவன் பிறந்த காலத்தில் இல்லாத ஒரு ஜில்லாவை அச்சடிக்கக் கூடாது. அன்றைக்கு என்ன சொல் இருந்ததோ அந்தச் சொல்லே நிற்க வேண்டும். விலாசத்துக்கு எண்; சாசனத்துக்குச் சொல். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிய பக்கங்களை என் தம்பி மகன் நிறையப் பார்த்திருக்கிறானாம். தானே ஒன்றிரண்டு எழுதியதாகவும் ஒப்புக் கொண்டான்.

2020 ஜூனில் ஒரு கூத்து நடந்தது ஞாபகம் இருக்கலாம். தமிழ் உச்சரிப்புக்குத் தக்கபடி 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றிச் சர்க்கார் உத்தரவு வெளிவந்தது. வேலூருக்கு முன்னால் இரட்டை 'இ' வைத்தார்கள். படித்தவர்கள் 'வீலூர்' என்று படித்துச் சிரித்தார்கள். சில நாட்களிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சில நாட்களில் எண்ணைச் சேமித்தவர்கள் ஆயிரத்துப் பதினெட்டு வரிகளை மாற்றத் தயாராகி, அப்படியே விட்டுவிட்டார்கள். பெயரைச் சேமித்தவர்களுக்கு வயிறு கலங்கியிருக்கும்.

சரி, சித்தியின் விஷயத்துக்கு வருவோம். நானும் தம்பி மகனும் அவளை அழைத்துக் கொண்டு இங்குள்ள பிரிவுக்குப் போனோம். ஜன்னலுக்கு அப்பால் இருந்த அம்மாள் நல்லவர். திரையைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார்.

"பாட்டி, நீங்களே அரியலூர்னு மாத்தியிருக்கீங்களே? தேதி, நேரம் எல்லாம் இருக்கே!"

"நான் எங்கேம்மா மாத்தினேன்? போன் நம்பர்தானே மாத்தினேன்!"

"கம்ப்யூட்டர்லே நீங்க மாத்தினதாத்தான் காட்டுது."

சித்திக்கு முகம் சுருங்கி விட்டது. தொகை வராத மூன்று மாதத்தில்கூட அவள் அப்படி வாடியதில்லை. தான் சொல்லாத ஒன்றைத் தான் சொன்னதாக ஒரு யந்திரம் சாதிக்கிறது. அதற்குத் தேதியும் நேரமும் சாட்சி. முன்பு என்ன இருந்தது என்று பார்க்கலாமே என்றால், முன்பு இருந்ததன் மேலேயே புதியதை எழுதிவிட்டார்கள். பழைய எண் எங்கும் இல்லை. கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அடித்துத் திருத்தினால் அடித்தது தெரியும். இங்கே அடித்த கோடுகூட இல்லை.

தம்பி மகன் மெதுவாகச் சொன்னான்: "மேடம், டெஸ்ட்டுக்கு உங்க பேர்லே ஒரு கணக்கு இருந்தா அதைத் திறந்து, ஒண்ணும் தொடாம சேமிச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் தயங்கினார். பிறகு பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, பயிற்சிக்கென்று வைத்திருந்த ஒரு கணக்கைத் திறந்து, எதையும் தொடாமல் பொத்தானை அழுத்தினார். மீண்டும் திறந்து பார்த்தார். அரியலூர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். "இந்த மூணு மாசத்திலே அரியலூருக்கு எத்தனை பேர் போயிருக்காங்கன்னு எடுத்துப் பாருங்க" என்றான் தம்பி மகன். அவர்கள் எடுத்துப் பார்த்தார்களா, எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து ஒரு பெரிய அதிகாரி எழுந்து வந்து, சித்தியை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

ஆதார் நகல், மின்சார ரசீது நகல், ஒரு மனு. இருபது நாளில் நான்கு மாதத் தொகையும் சேர்ந்து வந்து விட்டது. அந்தப் பக்கமும் திருந்தியிருக்கிறது. இப்போது பட்டியலின் முதல் வரியில் அரியலூர் இல்லை. 'தேர்ந்தெடுக்கவும்' என்று இருக்கிறது. அதற்குப் பின்னால் எண் கிடையாது. அதை அப்படியே விட்டுச் சேமிக்கப் போனால் பக்கம் மறுக்கிறது. அதோடு, வந்த எண் மாவட்ட ஏட்டில் உண்மையாக இருக்கிறதா என்று அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் ஒரு முறை சரி பார்க்க வேண்டும். ஏனென்றால் பட்டியலில் இல்லாத எண்ணையும் விஷமக்காரர்கள் அனுப்ப முடியுமாம். அதைச் செய்திருக்கிறார்களா என்பது வெளியிலிருந்து தெரியாது என்றான்.

போன மாதம் சித்திக்கு மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டியிருந்தது. நானும் கூடப் போனேன். பையன் பக்கத்தைத் திறந்து வேகமாகக் கீழே தள்ளிக் கொண்டு போனான்.

"இருப்பா, இரு" என்றாள் சித்தி. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டாள். "மேலேருந்து ஒவ்வொரு வரியா உரக்கப் படி. நான் சரின்னு சொன்ன பிறகு அடுத்ததுக்குப் போ."

பையன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக் கொண்டேன். பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.

"பெயர்..." என்று ஆரம்பித்தான் பையன்.